ஆடிவேலில் தொலைந்த பேரன் கிடைத்தான். மற்றப் பிள்ளைகள் எங்கே?

கடந்த ஆடியில் ஒரு மாலை நேரம். மகள், மருமகன், இரண்டு பேரப்பிள்ளைகள், நான் என ஐந்து பேரும் வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டிப் பக்கமாகக் காலி வீதியால் நடந்துகொண்டிருந்தோம். ஆடிவேல் பார்க்கும் பயணம். பேத்திக்கு ஆறு வயது, பேரனுக்கு நாலு. வேலும் ரதமும் அவர்களுக்கு இரண்டாம் பட்சம். பலூன், வளையல், கச்சான், தும்பு முட்டாஸ் இவைதான் முதலில். சவோய் தியேட்டரைத் தாண்டுவதற்குள் பேத்தியின் கையில் ஒரு டசின் கண்ணாடி வளையல் ஏறிவிட்டது. பேரன் பற்றரியில் ஓடுகிற சிவப்பு பஸ் ஒன்றைக் காட்டி அழத் தொடங்கினான். விலையைக் கேட்ட மருமகன் என்னைப் பார்த்தார். 2022இற்குப் பிறகு கொழும்பில் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போகும் எவருக்கும் அந்தப் பார்வையின் பொருள் தெரியும். ஒன்றும் பேசாமல் பேர்ஸை எடுத்தேன்.

காசைக் கொடுத்து மிச்சத்தை வாங்கித் திரும்பினால் பேரன் இல்லை.

தன் கையைப் பிடித்திருக்கிறான் என்று நான் நினைத்திருந்தேன் என்றாள் மகள். அம்மப்பாவின் கையைப் பிடித்திருக்கிறான் என்று அவள் நினைத்திருந்தாள். சனம் நெருக்கியது. மருமகன் ஒரு பக்கம் ஓடினார். நான் மறுபக்கம் ஓடினேன். பெயரைச் சொல்லிக் கூப்பிட வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. பத்து நிமிடம் இருக்கும். ஒலிபெருக்கியில் முதலில் தமிழிலும் பிறகு சிங்களத்திலும் அறிவித்தார்கள்: நாலு வயதுப் பையன், நீலச் சேர்ட், கையில் சிவப்பு பஸ், தாகசாந்தி நிலையத்தில் இருக்கிறான். போய்ப் பார்த்தால் தொண்டர்களின் மேசையில் உட்கார்ந்து சர்பத் குடித்துக்கொண்டிருக்கிறான். பக்கத்தில் அவனுக்கு விசிறிக்கொண்டிருந்த சிங்களப் பிள்ளை ஒன்று, அவனுடைய பெயரைச் சரியாகச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தது. அவன் அழக்கூட இல்லை. அழுதது நான்தான்.

இதை எழுதக் காரணம் அந்த அழுகைதான். திருவிழாச் சனத்தில் பிள்ளை தொலைவதும் கிடைப்பதும் எங்கும் நடப்பதுதான். அதற்காக 53 வயது மனிதன் நடுவீதியில் நின்று அழுவதென்றால், அந்தப் பத்து நிமிடத்துக்குள் வேறு பல வருடங்கள் புகுந்திருக்கின்றன என்று பொருள். அவை என்னுடைய வருடங்கள் மட்டுமல்ல. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பிள்ளை வளர்த்த பல வீடுகளுக்கு அந்தக் கணக்குத் தெரியும்.

கொழும்பு ஆடிவேலின் தொடக்கம் 1874 ஆம் ஆண்டு என்பார்கள். கதிர்காமத்துக்குச் செல்லும் யாத்திரிகர்களிடையே தொற்றுநோய் பரவுகிறது என்று பிரித்தானிய ஆட்சி அந்தப் பயணத்தைக் கட்டுப்படுத்திய காலம் அது. போக முடியாதவர்களுக்காக வேலே நகரத்துக்குள் வீதியுலா வந்தது. செட்டியார் தெருக் கோயில்களிலிருந்து பம்பலப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் ரதம் வந்து தங்கித் திரும்புவது வழக்கமாகியது. வேலைப் பார்க்க வந்தவர்களில் சைவர்கள் மட்டும் இருக்கவில்லை. கரும்புக்கும் இனிப்புக்கும் விளையாட்டுச் சாமானுக்கும் என்று சிங்களக் குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்களும் பிள்ளைகளோடு வந்தன. கொழும்பில் தமிழர் வீதியை மறித்து விழா எடுக்க, மற்றவர்கள் விருந்தாளிகளாக வந்து போன நாட்கள் அவை.

1982இல் என்னுடைய அப்பா என்னைத் தோளில் ஏற்றி அந்தச் சனத்துக்குள்ளால் கொண்டுபோனார். பத்து வயதுப் பையனுக்குத் தோள் கொஞ்சம் அதிகம்தான், ஆனாலும் ஏற்றினார். அடுத்த ஆடியில் அந்த வீதி எரிந்தது. 1983 ஜூலை 23 ஆம் திகதி இரவு திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டார்கள். 24 ஆம் திகதி மாலை பொரளை கனத்தை மயானத்தைச் சுற்றித் தொடங்கிய வன்முறை, 25 ஆம் திகதி காலி வீதிக் கடைகளையும் வெள்ளவத்தை ஒழுங்கைகளையும் எட்டியது. நாங்கள் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியில் அகதிகளாக இருந்துவிட்டு, கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனோம். ஆடிவேல் ஊர்வலமும் பல வருடங்களுக்கு வீதியை விட்டு ஒதுங்கியது.

வலிகாமம் இடப்பெயர்வுக்குப் பிறகு, 1996இல் மறுபடி கொழும்புக்கு வந்தேன். மகள் கைக்குழந்தை. அந்த வருடம் ஜூலை 24 ஆம் திகதி தெஹிவளையில் ரயிலில் குண்டு வெடித்தது. விடுதலைப் புலிகள் நடத்திய அந்தத் தாக்குதலில் 60இற்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். வேலை முடிந்து வீட்டுக்குப் போன சாதாரண சனம். வெள்ளவத்தைத் தமிழர்களுக்கு அன்று இரண்டு பயம் ஒன்றாக வந்தன: குண்டில் அகப்பட்டிருப்போமோ என்பது ஒன்று, குண்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களாகி விடுவோமோ என்பது மற்றது. அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டும் இல்லாமல் பால் வாங்கக்கூட நாங்கள் இறங்கியதில்லை. குடும்பமாக ஒரே பஸ்ஸில் ஏறாமல் இரண்டாகப் பிரிந்து போன வீடுகள் இருந்தன. ஒன்றில் அகப்பட்டால் மற்றதில் ஒருவராவது மிஞ்சட்டும் என்பதுதான் கணக்கு.

2007 ஜூன் 7 ஆம் திகதி அதிகாலை, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜ்களுக்குள் பொலிஸார் புகுந்தார்கள். கொழும்பில் தங்க “தகுந்த காரணம்” இல்லாத தமிழர்கள் என்று 376 பேர் பஸ்களில் ஏற்றப்பட்டு வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அன்றைய பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க பிறகு வருத்தமும் தெரிவித்தார். ஆனால், சொந்த நாட்டின் தலைநகரில் தங்கி இருப்பதற்குக் காரணம் காட்ட வேண்டும் என்ற பாடத்தை அந்த ஒரு விடியல் எங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பித்துவிட்டது. மகளுக்கு அப்போது பதினொரு வயது. 1983இல் எனக்கிருந்த அதே வயது.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. அதை மறுப்பது நேர்மையாகாது. காலி வீதியில் சோதனைச் சாவடி இல்லை. பிள்ளைகள் தமிழில் கத்தி விளையாடினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ரதம் வருகிறது, அதற்குப் பொலிஸார் வழிவிடுகிறார்கள். ஒவ்வொரு அரசாங்கமும் இந்தப் படத்தைத்தான் நல்லிணக்கத்தின் சான்றாக வெளிநாட்டவருக்குக் காட்டுகிறது. ஆனால் இந்த வழமை எதன்மேல் நிற்கிறது என்பதுதான் கேள்வி. ஆளுகிறவரின் நல்ல மனதில் நிற்கிறதா, அல்லது ஆள் மாறினாலும் மாறாத சட்டத்தில் நிற்கிறதா? 1982இலும் ரதம் வந்தது, அன்றும் பொலிஸார் வழிவிட்டார்கள். அந்த வழமை ஒரே வருடத்தில் சாம்பலாகியது.

சட்டத்தைப் பார்த்தால் பதில் கலக்கமாகவே இருக்கிறது. 1979இல் தற்காலிகமென்று கொண்டுவரப்பட்டு, 1982இல் நிரந்தரமாக்கப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவோம் என்று தேசிய மக்கள் சக்தி 2024 தேர்தல் காலத்தில் வாக்குறுதி அளித்தது. அந்த வருடம் நவம்பர் பொதுத் தேர்தலில் 225இல் 159 ஆசனங்கள் அதற்குக் கிடைத்தன. யாழ்ப்பாண மாவட்டத்திலும் ஆறில் மூன்று ஆசனங்களை மக்கள் கொடுத்தார்கள். எந்தச் சட்டத்தையும் நீக்கப் போதுமான பலம் அது. ஆனால் 2025 மார்ச்சில், கொழும்பில் ஒரு வணிக வளாகத்தில் இஸ்ரேலுக்கு எதிரான ஸ்டிக்கர் ஒட்டிய 22 வயது முஸ்லிம் இளைஞர் ஒருவர் அதே சட்டத்தின்கீழ் தடுத்து வைக்கப்பட்டார். ஏப்ரலில் அவர் விடுவிக்கப்பட்டாலும் சட்டம் விடுவிக்கப்படவில்லை. சனம் பிள்ளைகளோடு போய் ஐஸ்கிரீம் சாப்பிடும் இடத்தில் ஒட்டிய ஒரு துண்டுக் காகிதம் ஒருவரைத் தடுப்புக் காவலுக்குள் கொண்டுபோகக் கூடுமென்றால், அங்கே உலாவுகிற எங்களுக்கு இருப்பது அனுமதிதான், உரிமையல்ல. அனுமதி திருப்பி எடுக்கப்படக் கூடியது.

இனி அந்த ஒலிபெருக்கிக்கு வருகிறேன். திருவிழாவில் ஒரு பிள்ளை தொலைந்தால் செய்ய வேண்டியவை சிலதான். ஓர் இடம் இருக்க வேண்டும். அங்கே பொறுப்பான ஓர் ஆள் இருக்க வேண்டும். பிள்ளையின் அடையாளத்தை எல்லோருக்கும் கேட்கும்படி, இரண்டு மொழியிலும் சொல்ல வேண்டும். தேடி வருபவரிடம் பதில் சொல்ல வேண்டும். தாகசாந்தி மேசையில் இருந்த இளந்தொண்டர்கள் பத்து நிமிடத்தில் இதைச் செய்து முடித்தார்கள். இந்த நாட்டின் அரசு பதினாறு வருடங்களாக இதைச் செய்யவில்லை.

2009 மே மாதத்தில் வட்டுவாகலில் பெற்றோருடன் இராணுவத்தினரிடம் கையளிக்கப்பட்ட பிள்ளைகள் எங்கே என்று உறவினர் கேட்கிறார்கள். காணாமல் போனோர் அலுவலகத்துக்கான சட்டம் 2016இல் நிறைவேறி, ஆணையாளர்கள் 2018இல் நியமிக்கப்பட்டார்கள். இடம் வந்தது, பதில் வரவில்லை. 2020 ஜனவரியில் அன்றைய ஜனாதிபதி கோத்தாபய ராஜபக்ஷ, காணாமல் போனவர்கள் இறந்துவிட்டார்கள் என்று ஐ.நா. பிரதிநிதியிடம் கூறி, மரணச் சான்றிதழ் பற்றிப் பேசினார். எங்கே, எப்படி, யாரால் என்று சொல்லவில்லை. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017 பெப்ரவரியில் வீதியோரத்தில் அமர்ந்த தாய்மாரில் பலர், பதில் கேட்காமலே கண் மூடிவிட்டார்கள்.

இது வன்னியின் கதை மட்டுமல்ல. 2008, 2009 காலத்தில் கொழும்பிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் 11 பேர் கடத்தப்பட்டு காணாமலாக்கப்பட்டார்கள். மாணவர்களும் அதில் அடக்கம். கடற்படையினர் மீது வழக்குப் பதிவானது. ஆனால் முன்னாள் கடற்படைத் தளபதி வசந்த கரன்னாகொட மீதான குற்றச்சாட்டுகளை முன்கொண்டு செல்லப் போவதில்லை என்று சட்டமா அதிபர் 2021இல் அறிவித்தார். அதே வருட இறுதியில் அவர் வடமேல் மாகாண ஆளுநராக நியமிக்கப்பட்டார். பிள்ளையைத் தேடிய பெற்றோருக்கு இந்த நாட்டில் கேட்ட அறிவிப்பு அதுதான்.

கடைசியாகச் செம்மணி. 1998இல் கிருஷாந்தி குமாரசாமி கொலை வழக்கில் தண்டனை பெற்ற சோமரத்ன ராஜபக்ஷ, அங்கே நூற்றுக்கணக்கான உடல்கள் புதைக்கப்பட்டதாக நீதிமன்றத்தில் சொன்னார். 1999இல் 15 எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டதோடு தோண்டுதல் நின்றது. 2025 பெப்ரவரியில் சித்துப்பாத்தி மயானத்தில் கட்டுமான வேலையின்போது எலும்புகள் வெளிப்பட, மே மாதத்தில் அகழ்வு தொடங்கியது. செப்டெம்பர் தொடக்கத்தில் அடையாளம் காணப்பட்ட எலும்புக்கூடுகள் 240 ஆகின. அவற்றில் சிறு பிள்ளைகளுடையவையும் உண்டு. நாலைந்து வயதுப் பிள்ளை ஒன்றின் எலும்புகளோடு நீல நிறப் புத்தகப்பை இருந்தது. விளையாட்டுப் பொம்மை இருந்தது. ஓகஸ்ட் 5 ஆம் திகதி அந்தப் பொருட்களை, யாராவது அடையாளம் காட்டுவார்கள் என்று பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். அந்தப் பையை யாரோ கடையில் விலை கேட்டு வாங்கியிருக்கலாம், யாரோ ஒரு நிவாரண வரிசையில் நின்று பெற்றிருக்கலாம். அந்தப் பொம்மைக்காக அந்தப் பிள்ளை அழுதிருக்கலாம். அம்மாவோ அப்பாவோ அம்மப்பாவோ ஒருவரையொருவர் பார்த்துவிட்டு, சரி, வாங்குவோம் என்று முடிவு செய்திருக்கலாம். எங்கள் பேரனின் சிவப்பு பஸ் ஓர் அடையாளமாக ஒலிபெருக்கியில் சொல்லப்பட்டது, அவன் கிடைத்தான். அந்தப் பொம்மையும் ஓர் அடையாளமாகத்தான் காட்சிக்கு வைக்கப்பட்டது. பிள்ளை கிடைத்தது எலும்பாக.

ஆகவே நான் கேட்பது பெரிய அரசியல் தீர்வு பற்றிய பேச்சை அல்ல, அது தனியே நடக்கட்டும். கேட்பவை மூன்று. பயங்கரவாதத் தடைச் சட்டம் வேறு பெயரில் திரும்பி வராமல் நீக்கப்படட்டும். செம்மணி அகழ்வு பணமில்லை, காலமில்லை என்று நிற்காமல் சர்வதேச நிபுணத்துவத்தோடு முடிக்கப்பட்டு, மரபணுப் பரிசோதனை மூலம் அந்தப் பிள்ளைகளுக்குப் பெயர் கொடுக்கப்படட்டும். காணாமலாக்கப்பட்டோர் வழக்குகளில், கட்டளையிட்டவர் எவ்வளவு உயர்ந்த பதவியில் இருந்தாலும் விசாரிக்கப்படட்டும். திருவிழா நடக்கிறது என்பதை அமைதிக்குச் சான்றாகக் காட்டும் உரிமை இந்த மூன்றையும் செய்த அரசுக்குத்தான் உண்டு.

அன்றிரவு முச்சக்கர வண்டியில் வீடு திரும்பும்போது பேரன் என் மடியில் நித்திரையாகிவிட்டான். பஸ்ஸை விடவில்லை. பேத்தி வளையலைக் கிலுக்கிக்கொண்டே கேட்டாள்: “அம்மப்பா, தம்பிதானே கிடைச்சிட்டான், பிறகு ஏன் அழுதனீங்கள்?”

“சனம் கூடவெல்லோ, பயந்துபோனன்” என்றேன். அது முழுப் பதிலல்ல என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். இன்னும் சில வருடங்களில் மறுபடி கேட்பாள். அப்போது 1983ஐயும் 2007ஐயும் நடந்து முடிந்தவையாக, பொறுப்பானவர்கள் பதில் சொல்லி முடித்தவையாக அவளுக்குச் சொல்ல வேண்டும். அவளுக்குப் பதினொரு வயதாக இன்னும் ஐந்து வருடங்கள் இருக்கின்றன.