நெல் வயலுக்கு நடுவே ஏழு பட்டங்கள்

எங்கள் காலை நடைக் குழுவில் கால்பந்து பார்க்கிறவர்கள் இரண்டே பேர். இன்னொருவர் என்னைவிட விவரமானவர். போன வாரம் இத்தாலியைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "1929-க்கு முன்னால் வாங்கின பட்டத்தையெல்லாம் கணக்கில் சேர்க்கவே கூடாது சார். நாலு டீம் ஆடும், அதில் பாதி பக்கத்து ஊர்க்காரன்" என்றார். அவர் குறிவைத்தது ப்ரோ வெர்ச்செல்லியை. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏன் என்று நடந்துகொண்டே விளக்க எனக்கு மூச்சுப் போதாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

வெர்ச்செல்லி, டூரினுக்கும் மிலானுக்கும் நடுவில், பியட்மாண்ட் சமவெளியில் இருக்கும் ஊர். மக்கள்தொகை ஐம்பதாயிரத்தை எட்டாது. இத்தாலியின் நெற்களஞ்சியம் அதுதான். 1866-ல் திறந்த காவூர் கால்வாய் அந்தப் பக்கத்து வயல்களுக்குத் தண்ணீர் கொண்டுவருகிறது. நடவு காலத்தில் ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் பார்த்தாலும் தண்ணீர் நிற்கும். முழங்கால் தண்ணீரில் குனிந்து களையெடுத்த பெண்களை வைத்து 1949-ல் 'ரிசோ அமாரோ' என்று ஒரு படமே எடுத்தார்கள். அரிசியும் அவரையும் தொத்திறைச்சியும் சேர்த்து வேகவைக்கும் 'பனிஸ்ஸா' அந்த ஊர்ச் சாப்பாடு.

இப்படிப்பட்ட ஊரின் கிளப் இத்தாலிய சாம்பியன் பட்டத்தை ஏழு முறை வென்றிருக்கிறது: 1908, 1909, 1911, 1912, 1913, 1921, 1922. தலைநகரின் இரண்டு பெரிய கிளப்புகளான ரோமாவுக்கு 3, லாட்சியோவுக்கு 2. கூட்டினாலும் 5தான்.

நண்பர் சொல்வதில் கொஞ்சம் நியாயம் உண்டு. 1908-ல் வெளிநாட்டு வீரர்கள் ஆடக்கூடாது என்று சம்மேளனம் உத்தரவு போட, மிலான், டூரின், ஜெனோவா கிளப்புகள் கோபித்துக்கொண்டு விலகிவிட்டன. முழுக்க உள்ளூர்ப் பையன்களை வைத்திருந்த வெர்ச்செல்லிக்கு அது லாபம். அந்த ஒரு பட்டத்தில் குறை சொன்னால் நான் வாயைத் திறக்கமாட்டேன். ஆனால் 1911 முதல் மூன்று ஆண்டு தொடர்ச்சியாக வென்றதற்கு என்ன சொல்வது? மிலான், இன்டர், யுவெண்டஸ், ஜெனோவா எல்லாரும் களத்தில் இருந்தார்களே! 1913 இறுதி ஆட்டத்தில் லாட்சியோவுக்குப் போட்டது ஆறு கோல், வாங்கியது பூஜ்யம்.

இன்னொன்றும் கேட்கிறேன். மிலான் தன் கணக்கில் 1901, 1906, 1907 பட்டங்களை வைத்திருக்கிறது. யுவெண்டஸ் 1905-ஐ விடவில்லை. ஜெனோவாவின் ஒன்பது பட்டங்களும் 1929-க்கு முந்தையவைதான். அவர்களிடம் போய் யாரும் அழிக்கச் சொல்வதில்லை. பெரிய வீட்டுப் பழைய நகைக்குப் பெயர் பாரம்பரியம், சின்ன வீட்டு நகை மட்டும் கவரிங்கா?

அவர்கள் எப்படி ஜெயித்தார்கள் என்பது சுவாரசியமானது. அது முதலில் உடற்பயிற்சிச் சங்கம். 1903-ல் அதில் கால்பந்தைக் கொண்டுவந்தவர் மார்ச்செல்லோ பெர்டினெட்டி என்ற வாள்வீச்சு வீரர். பின்னாளில் டாக்டரானவர், 1924, 1928 ஒலிம்பிக் இரண்டிலும் அணிப் பிரிவில் தங்கம் வாங்கினவர். மற்ற ஊர்களில் பணக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்காக ஆடிக்கொண்டிருந்த காலத்தில், இவர்கள் முறையாக உடம்பைத் தயார்செய்து இறங்கினார்கள். குய்டோ ஆரா, ஜியூசெப்பே மிலானோ, லியோனே என்ற நடுவரிசை மூவர் பெயரை அந்நாளில் இத்தாலி முழுக்கத் தெரியும். 1913 மே 1 அன்று டூரினில் பெல்ஜியத்தை எதிர்த்து ஆடிய தேசிய அணியின் பதினொரு பேரில் ஒன்பது பேர் வெர்ச்செல்லிக்காரர்கள். ஒரே கோல். அடித்தது ஆரா.

அடுத்த ஊரான கசாலேக்குப் பொறுக்கவில்லை. இவர்கள் சட்டை வெள்ளை என்பதற்காகவே கறுப்புச் சட்டையில் வெள்ளை நட்சத்திரம் குத்திக்கொண்டு 1909-ல் ஒரு கிளப் ஆரம்பித்து, 1914-ல் பட்டமும் வாங்கிவிட்டார்கள். பங்காளிப் பொறாமையும் சில நேரம் நல்லது செய்யும்.

ரசிகர்கள் பெருமையாகச் சொல்லும் 1910 கதை எனக்குப் பிடிக்காது. இன்டரும் வெர்ச்செல்லியும் சமமாக முடித்ததால் முடிவுக்கு ஓர் ஆட்டம் வைத்தார்கள். அன்றைக்கே சில வீரர்களுக்கு ராணுவப் போட்டி இருந்தது. தேதியை மாற்றச் சொன்னார்கள், நடக்கவில்லை. எதிர்ப்பைக் காட்ட, பள்ளிக்கூட வயதுப் பையன்களைக் களத்தில் இறக்கினார்கள். 10-3 என்று இன்டர் ஜெயித்தது. இதைத் தன்மானம் என்று கொண்டாடுகிறார்கள். பெரியவர்களின் சண்டைக்குச் சின்னப் பையன்களை முன்னால் நிறுத்தியது என்ன தன்மானம்? விளைவு என்ன? தண்டனை வந்தது. மூன்றே வாரத்தில் இத்தாலி தன் முதல் சர்வதேச ஆட்டத்தில் பிரான்ஸை 6-2 என்று வென்றபோது, நாட்டின் மிகச் சிறந்த வீரர்களில் ஒருவரும் அங்கே இல்லை.

இனி ரோசெட்டா விஷயத்துக்கு வருகிறேன். என் வாதமே இதில்தான் இருக்கிறது.

விர்ஜீனியோ ரோசெட்டா வெர்ச்செல்லியில் வளர்ந்த தடுப்பாட்டக்காரர். 1921, 1922 பட்டங்களில் ஆடியவர். 1923-ல் யுவெண்டஸுக்குப் போனார். அந்த ஆண்டுதான் ஃபியட் குடும்பத்து எதோவார்தோ அன்யெல்லி யுவெண்டஸ் தலைவரானார். ஆட்டத்துக்குக் காசு வாங்குவது அன்று சட்டப்படி தப்பு. பெரிய ரகளையாகி, ரோசெட்டா ஆடிய ஆட்டங்களைத் தோல்வி என்றே அறிவித்தார்கள். 1926-ல் விதியே மாறிவிட்டது, அது வேறு கதை.

வெர்ச்செல்லியின் வீழ்ச்சியை எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் பெருமூச்சு விட்டு, "பணம் வந்தது, விசுவாசம் போனது" என்பார்கள். நான் முப்பத்தைந்து வருஷம் மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தினவன். ரோசெட்டாவைத் துரோகி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. டிக்கெட் விற்றுக் கூட்டம் சேர்த்த ஆட்டத்தில், கூட்டம் யாருக்காக வந்ததோ அவருக்கு மட்டும் கூலி கிடையாது, பெருமை மட்டும்தான் என்றால் அது என்ன நீதி? அதே ஊர் வயலில் களையெடுத்த பெண்கள் 1906-ல் வேலைநிறுத்தம் செய்து எட்டு மணி நேர வேலையைப் போராடி வாங்கினார்கள். அவர்களை ஊர் இன்றும் கொண்டாடுகிறது. உழைப்புக்கு விலை கேட்ட களைக்காரி வீராங்கனை, விலை கேட்ட ஆட்டக்காரன் மட்டும் துரோகி! இந்தக் கணக்கு எனக்கு உதைக்கிறது.

கிளப்பைக் காப்பாற்றியிருக்கலாமே என்றால், எதை வைத்து? டூரினில் மோட்டார் ஆலை, மிலானில் வங்கி. இங்கே நெல். அறுவடை வருஷத்துக்கு ஒருமுறைதான்.

இருந்தும் மண் இன்னொருவரைக் கொடுத்தது. சில்வியோ பியோலா, 1930-ல் பதினாறு வயதில் முதல் பிரிவுக்கு வந்தார். 1933-ல் ஃபியோரென்டினாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஆறு கோல். 1934-ல் அவரை லாட்சியோ வாங்கியது. அடுத்த சீசன் முடிவிலேயே வெர்ச்செல்லி முதல் பிரிவிலிருந்து கீழே இறங்கியது. இன்றுவரை திரும்பி ஏறவில்லை. பியோலாவோ 1938 உலகக் கோப்பை இறுதியில் ஹங்கேரிக்கு எதிராக இரண்டு கோல் அடித்தார். முதல் பிரிவில் அவர் அடித்த 274 கோலை யாரும் தாண்டவில்லை.

அப்புறம் நெடுங்காலம் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. 2010-ல் கிளப் கடனில் மூழ்கியது. அதே ஊரின் இன்னொரு கிளப், ப்ரோ பெல்வெதெரே, அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு தொடர்ந்தது. 2012-ல் 64 ஆண்டுகளுக்குப் பிறகு இரண்டாம் பிரிவுக்கு ஏறினார்கள். இப்போது மறுபடி மூன்றாம் பிரிவில். "பெயர்தான் அது, கிளப் வேறு" என்று நண்பர் இதற்கும் ஒரு குறை சொல்வார். அதே ஊர், அதே வெள்ளைச் சட்டை, அதே மைதானம். எனக்கு அது போதும்.

அந்த மைதானத்துக்கு இப்போது பியோலா பெயர். வேடிக்கை என்னவென்றால், இருபது கிலோமீட்டர் சுமாரில் இருக்கும் பரம எதிரி நோவாராவிலும் அவர் கடைசிக் காலத்தில் ஆடினார் என்பதால் அங்குள்ள மைதானத்துக்கும் பியோலா பெயர்தான். ஆட்டம் பார்க்கப் போகிற வெளியூர்க்காரர் எந்தப் பியோலா என்று கேட்டுக்கொண்டுதான் ரயில் ஏற வேண்டும்.