அனுமதி வாங்கின பகிடி

வியர்ட் அல் யங்கோவிக் பற்றிக் கதை வந்தால் ஒருத்தராவது கேட்பார்: "அடுத்தவன்ர மெட்டில சொல்லை மாத்திப் பாடுறதெல்லாம் ஒரு கலையோ?" இதுக்கு நீட்டி முழக்கத் தேவையில்லை. 1979இல் பல்கலைக்கழகக் குளியலறை ஒன்றுக்குள் அக்கோடியனோடு தன்ர முதல் சிங்கிளைப் பதிவு செய்த மனிசன், 2014இல் பில்போர்ட் அல்பப் பட்டியலில் முதலிடத்தில் நின்றார். அவர் நக்கலடித்த பாடகர்களில் எத்தினை பேர் அவ்வளவு காலம் தாக்குப்பிடித்தார்கள்?

எனக்கு எரிச்சல் வருவது மற்றப் பக்கத்தால. "அவர் தங்கமான மனிசன், மூலப் பாடகரிட்டக் கேட்டுத்தான் பாடுவார்" என்ற பாராட்டு. பகிடி விடுறதுக்கு அனுமதியோ?

1984இல் மைக்கல் ஜக்சனின் பாட்டை 'ஈற் இற்' ஆக்கினார், 1988இல் இன்னொன்றை 'ஃபற்' ஆக்கினார். ஜக்சன் சந்தோசமாகச் சம்மதித்தார். ஏன் சம்மதிக்க மாட்டார்? ரெண்டிலும் அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. 'ஃபற்' பாட்டில் சிரிப்புக்கு ஆளானது குண்டு மனிசர். அவையளிட்ட ஒருத்தரும் அனுமதி கேட்கவில்லை.

ரூ லைவ் குறூ என்ற றப் குழு ரோய் ஓர்பிசனின் பாட்டொன்றை நையாண்டி செய்யக் கேட்டது. உரிமைக்காரர் மறுத்தார்கள். அவர்கள் பாட்டை வெளியிட்டே விட்டார்கள். காசுக்காகச் செய்தது என்பதாலேயே நையாண்டி உரிமை மீறலாகிவிடாது என்று 1994இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. ஆனால் மூலப் பாட்டையே குத்தினால்தான் இந்தப் பாதுகாப்பு பலமாக இருக்கும். மெட்டை எடுத்துக்கொண்டு சாப்பாட்டைப் பற்றிப் பாடினால் பலம் குறைவு. அதாவது, அனுமதி கேட்கிறவர் குத்தாமல் இருக்கப் பழகுகிறார். குத்தாதவருக்கு அனுமதி கேட்காமல் வழியில்லை.

அவருக்குக் குத்தத் தெரியாது என்றில்லை. எம்ரிவியில் அவர் செய்த 'அல் ரிவி'யைப் பாருங்கோ. நட்சத்திரங்கள் வேறெங்கோ குடுத்த பேட்டிகளை வெட்டி, நடுவில தன்ர கேள்விகளைச் செருகி, அவையளை விசரர் ஆக்கி விடுவார். 1992இல் நிர்வாணா பாட்டை எடுத்தபோது கேர்ட் கோபேன் கேட்டாராம், சாப்பாட்டுப் பாட்டோ என்று. இல்லை, நீர் பாடுறது ஒருத்தருக்கும் விளங்குதில்லை எண்டதுதான் பாட்டு என்றார் இவர். அவருடைய ஆகத் திறமான பாட்டுகளில் ஒன்று அது. கோபேன் சிரிக்கத் தெரிந்தவர் என்பதால் எங்களுக்குக் கிடைத்தது.

சிரிக்கத் தெரியாத இடங்களும் இருந்தன. 1997இல் சீபிஎஸ் அவருக்குச் சிறுவர் நிகழ்ச்சி குடுத்தது, ஒவ்வொரு வாரமும் ஒரு பாடம் புகட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஒரு பருவத்தோடு முடிந்தது. 2006இல் ஜேம்ஸ் பிளண்ட் சம்மதித்த பாட்டை அவருடைய இசை நிறுவனம் தடுத்தது. 2011இல் லேடி காகாவின் முகாமையாளர் அவரிடம் கேட்காமலே மறுத்தார். ரெண்டு தரமும் யங்கோவிக் பாட்டை இணையத்தில் இலவசமாகப் போட்டார். பிறகு காகா சம்மதமும் சொன்னார். அவருடைய வாழ்க்கையில எனக்குப் பிடித்த இடங்கள் இவைதான்.

ஆனால் பிரின்ஸிடம் அந்தத் துணிச்சல் வரவில்லை. பல தடவை கேட்டார், ஒவ்வொரு தடவையும் மறுப்பு. 2016இல் பிரின்ஸ் இறந்தார். அந்தப் பகிடிகள் வெளிவரவேயில்லை.