வீழ்ந்தோர்க்குக் கதவு திறந்த வேதசாட்சி



செப்டம்பர் 16-ஆம் நாள் திருச்சபை இரு நல்ல மேய்ப்பர்களை ஒரே விழாவில் நினைவுகூர்கின்றது. ஒருவர் உரோமையின் பாப்பரசர் புனித கொர்னேலியு. மற்றவர் ஆப்பிரிக்காவிலிருந்த கார்த்தேஜ் நகரின் ஆயர் புனித சிப்பிரியான். திருப்பலியின் முதலாம் நற்கருணை மன்றாட்டிலும் இவ்விருவர் பெயரும் அடுத்தடுத்தே ஒலிக்கின்றன. கடலால் பிரிக்கப்பட்டிருந்த இவ்விருவரையும் பிணைத்தது ஒரு கேள்வி: வீழ்ந்தவன் மனம் வருந்தித் திரும்பி வந்தால் திருச்சபை அவனை என்ன செய்வது? இக்கேள்விக்குத் தம் வாழ்வாலும் சாவாலும் விடை பகர்ந்த கொர்னேலியுவைப் பற்றி இம்மாதம் சிந்திப்போம்.

கி.பி. 250-ஆம் ஆண்டில் தேசியு பேரரசனின் ஆணை உரோமைப் பேரரசெங்கும் நடைமுறைக்கு வந்தது. குடிமக்கள் அனைவரும் தேவர்களுக்குப் பலியிட்டு, பலிப்பொருளை உண்டு, அதிகாரிகளிடம் சான்றுச்சீட்டு பெற வேண்டும். இத்தகைய சீட்டுகள் நாற்பதுக்கு மேல் எகிப்து நாட்டில் கண்டெடுக்கப்பட்டுள்ளன. அவ்வாண்டு ஜனவரி 20-ஆம் நாள் பாப்பரசர் புனித பபியான் வேதசாட்சியாக மரித்தார். ஆனால், எல்லாரும் பபியானைப் போல் நிலைத்து நின்றார்களா? இல்லை. பலர் அச்சத்தால் பலியிட்டனர். சிலர் சாம்பிராணி மட்டும் இட்டனர். வேறு சிலர் பலியிடாமலே பணம் கொடுத்துச் சீட்டு வாங்கிக் கொண்டனர். பிள்ளைகளையும் வீட்டையும் எண்ணி நடுங்கிய குடும்பத் தலைவர்களும் அவர்களுள் இருந்திருப்பர் அன்றோ!

ஓராண்டுக்கு மேலாக இராயப்பரின் இருக்கை வெறுமையாகக் கிடந்தது. தனக்கு எதிராக வேறோர் அரசன் எழுந்தான் என்று கேட்பதைவிட, உரோமையில் ஓர் ஆயர் ஏற்படுத்தப்பட்டார் என்று கேட்பதே தேசியுவுக்குப் பொறுக்கவொண்ணாததாயிருந்தது என்று சிப்பிரியான் எழுதுகிறார். அத்தகைய வேளையில், 251-ஆம் ஆண்டு மார்ச் மாதம், கொர்னேலியு தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் அப்பதவியைத் தேடிச் சென்றவரல்லர். திருச்சபையின் பணிநிலைகள் ஒவ்வொன்றையும் கடந்து படிப்படியாக உயர்ந்தவர். அடக்கமும் அமைதியும் உடையவர். இதுவும் சிப்பிரியானின் சான்றே.

அவருக்கு எதிராக எழுந்தவர் நொவாசியான் என்னும் குரு. கல்வியில் சிறந்தவர், தமதிரித்துவத்தைப் பற்றி நூல் இயற்றியவர். விசுவாசத்தை மறுதலித்தவனுக்கு மன்னிப்பளிக்கத் திருச்சபைக்கு அதிகாரமில்லை என்றார் அவர். தூயவர்களின் சபையில் துரோகிகளுக்கு இடமேது என்னும் இவ்வாதம் மேலோட்டமாகப் பார்த்தால் புனிதமானதாகவே தோன்றும். சிறையில் துன்புற்ற வீரர் சிலரும் அதை நம்பி அவர் பக்கம் சேர்ந்தனர். தம்மையே ஆயராகத் திருநிலைப்படுத்தச் செய்து, நொவாசியான் திருச்சபையைப் பிளந்தார்.

கொர்னேலியு உரோமையில் அறுபது ஆயர்களைக் கூட்டினார். வீழ்ந்தவர்கள் தவமுயற்சியால் குணமடைந்து திரும்பலாம் என்று அச்சங்கம் உறுதி செய்தது. ஈண்டு ஒன்றைக் கவனிக்க வேண்டும். தவமே வேண்டாம், உடனே நற்கருணை தருக என்று கார்த்தேஜில் ஒரு சாரார் கூச்சலிட்டனர்; அவ்வழியையும் இவ்விரு ஆயர்களும் ஏற்கவில்லை. கதவு திறந்திருந்தது, ஆனால் அது மனத்தாபம் என்னும் கதவு. நொவாசியானைத் திருநிலைப்படுத்திய ஆயர்களுள் ஒருவர் அழுதுகொண்டு திரும்பியபோது, கொர்னேலியு அவரைப் பொதுநிலையினராக ஏற்றுக்கொண்டார். நொவாசியானை நம்பி ஏமாந்த மாக்சிமு என்னும் குருவையோ அவரது பழைய பணியிலேயே அமர்த்தினார். நீதி அறிந்த இரக்கம் என்பது இதுவே.

அந்தியோக்கியா ஆயருக்கு அவர் வரைந்த மடலில் உரோமைத் திருச்சபையின் கணக்கு ஒன்று காணப்படுகின்றது: 46 குருக்கள், 7 தியாக்கோன்கள், அவர்களுக்கு அடுத்த நிலையில் பல பணியாளர்கள், இவர்களோடு 1,500-க்கு மேற்பட்ட கைம்பெண்களும் வறியவர்களும்! இவர்கள் அனைவரையும் ஆண்டவருடைய அருள் உண்பிக்கின்றது என்கிறார். எளியவர்களைத் தாங்கும் இல்லமாகவே அவர் திருச்சபையைக் கண்டார்.

இரக்கம் காட்டினால் விசுவாசம் தளர்ந்துபோகாதா? இதற்கும் விடை விரைவிலேயே கிடைத்தது. காலுஸ் மன்னனின் காலத்தில் மீண்டும் வேதகலாபனை நெருங்கியபோது, ஆப்பிரிக்க ஆயர்கள் தவம் புரிந்துவந்த அனைவருக்கும் நற்கருணை வழங்கத் தீர்மானித்து, அதனைக் கொர்னேலியுவுக்கு அறிவித்தனர். கிறிஸ்துவின் இரத்தத்தை மறுத்துவிட்டு, அவருக்காக இரத்தம் சிந்த வாருங்கள் என்று அவர்களை எவ்வாறு அழைப்பது என்பதே அவர்கள் கூறிய காரணம். 252-ஆம் ஆண்டில் உரோமையில் கொர்னேலியு பிடிபட்டபோது, மக்கள் அவரோடு ஒருமனமாய் விசுவாசத்தை அறிக்கையிட்டனர். முன்பு வீழ்ந்தவர் பலர் இம்முறை வீரத்துடன் நிமிர்ந்து நின்றனர் என்று சிப்பிரியான் மகிழ்ந்து எழுதினார். மன்னிப்பு அவர்களைக் கோழைகளாக்கவில்லை; வீரர்களாக்கியது!

கொர்னேலியு செந்துங்கெல்லே என்னும் துறைமுகத்திற்கு, இன்றைய சிவித்தாவெக்கியாவிற்கு, நாடுகடத்தப்பட்டார். 253-ஆம் ஆண்டில் உயிர்நீத்தார். ஐந்தாண்டுகளுக்குப் பின் சிப்பிரியானும் வாளுக்கு இரையானார். 1849-இல் உரோமைக்கு வெளியே அப்பியா சாலையருகில் ஒரு திராட்சைத் தோட்டத்தில், பாதிப் பெயரும் ‘வேதசாட்சி’ என்னும் சொல்லும் பொறித்த உடைந்த கல்லொன்றை தெ ரோசி என்னும் அறிஞர் கண்டார். 1852-இல் காலிஸ்து நிலத்தடிக் கல்லறையில் எஞ்சிய துண்டும் கிடைத்தது. இரண்டும் சேர்ந்தபோது கொர்னேலியுவின் பெயர் முழுமையாயிற்று.

அன்பர்களே, உடைந்தவற்றைச் சேர்ப்பதே அவர் வாழ்நாள் பணியாயிருந்தது. நம் குடும்பங்களிலும் பங்குகளிலும் வீழ்ந்தவர் எவருமில்லையா? குடியால் கெட்ட மகன், வீட்டை விட்டுச் சென்ற மகள், பல்லாண்டுகளாகப் பாவசங்கீர்த்தனத் தொட்டியை அணுக அஞ்சிக் கோயிலின் கடைசித் தூணருகே நிற்கும் ஒருவர்! அவர்கள் திரும்பி வரும் நாளில், பழைய கணக்கைப் புரட்டும் நொவாசியான்களாய் நாம் வாயிலை மறிக்கப் போகிறோமா? வீழ்ந்தது நாமாக இருப்பின், இந்த விழா நமக்கே உரிய அழைப்பன்றோ! இம்மாதம் 16-ஆம் நாள் குடும்ப செபத்தின்போது, நம்மைவிட்டு விலகி நிற்கும் ஒருவரையேனும் பெயர் சொல்லி ஆண்டவரிடம் ஒப்புக்கொடுப்போம். மறுநாளே அவரைத் தேடிச் செல்வோம்.

புனித கொர்னேலியுவே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.