வயிற்றில் பூச்சியா, மூளையில் குறையா?

லீவுக்கு ஊருக்குப் போகும் நம்மில் பலர் இதைக் கேட்டிருப்போம். "துபாய்ல வளர்ற புள்ள எப்படிப் படிக்குது பாரு, நீயும் இருக்கியே!" என்று சித்தி மகனுக்கு நம் எதிரிலேயே திட்டு விழும். நமக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாக இருக்கும். அந்தப் பெருமை நியாயமா என்பதுதான் என் கேள்வி.

கொக்கிப்புழு என்று ஒன்று உண்டு. மலம் கலந்த ஈர மண்ணில் அதன் குஞ்சுகள் வளரும். செருப்பில்லாத காலின் தோலைத் துளைத்து உள்ளே போய், கடைசியில் சிறுகுடலைக் கவ்வி ரத்தம் குடிக்கும். ஒரு புழு குடிப்பது துளிதான். நிறையப் புழுக்கள் மாதக்கணக்கில் குடித்தால் உடம்பில் இரும்புச்சத்து தீர்ந்து ரத்தசோகை வரும். வளரும் மூளைக்கு இரும்புச்சத்து மிக முக்கியம். அது குறைந்தால் பிள்ளை சோர்ந்துபோகும், கவனம் நிற்காது. டைல்ஸ் தரையில் வளர்ந்த நமக்கு இந்த ஆபத்து குறைவு. அது நம் சாமர்த்தியம் அல்ல, நாம் வளர்ந்த வீட்டின் பாத்ரூம் தந்த வசதி.

நூறு வருடத்துக்கு முன்பு அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பத்திரிகைகள் இதை 'சோம்பேறிக் கிருமி' என்றே எழுதின. 1916இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையினர் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கினார்கள். அங்கே உழைத்தவர்களில் பெரும்பாலோர் நம் ஊரிலிருந்து போன தமிழர்கள். ரத்தமில்லாத உடம்பைச் சோம்பேறி என்று திட்டுவது எவ்வளவு சுலபம் பாருங்கள்.

அப்படியானால் பூச்சி மாத்திரை கொடுத்தால் எல்லோரும் முதல் ரேங்க் வாங்கிவிடுவார்களா? இல்லை. 1998இல் கென்யாவில் தொடங்கிய புகழ்பெற்ற ஆய்வில், மாத்திரை கொடுத்த பள்ளிகளில் லீவு போடுவது கால் பங்கு குறைந்தது. பரீட்சை மார்க் மட்டும் ஏறவில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்து அலசிய காக்ரேன் குழுவும், ஊருக்கே மொத்தமாக மாத்திரை கொடுப்பதால் சராசரியாக அறிவுத்திறன் கூடியதற்குச் சான்று இல்லை என்றது. புழு அதிகமுள்ள பிள்ளைக்கு மருந்து கட்டாயம் வேண்டும். ஆனால் மருந்து பாடம் சொல்லித் தராது. மண் மாறாவிட்டால் புழுவும் திரும்ப வரும்.

குடல் பாக்டீரியா கதையும் இப்படித்தான். 2004இல் ஜப்பானில், கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளின் உடம்பு மன அழுத்தத்துக்கு மற்ற எலிகளைவிட அதிகமாக எதிர்வினை காட்டியது. சிறு வயதிலேயே ஒரு நல்ல பாக்டீரியாவைக் கொடுத்ததும் அது சரியானது. அருமையான ஆய்வு, ஆனால் எலியில். 2021இல் ஆஸ்திரேலியாவில் 247 பிள்ளைகளை ஆராய்ந்தபோது வேறு கோணம் தெரிந்தது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் குறிப்பிட்ட சில உணவுகளையே விரும்பிச் சாப்பிடுவதால்தான் குடல் பாக்டீரியா மாறுகிறது என்றார்கள். பாக்டீரியா மாறியதால் ஆட்டிசம் வந்தது என்பதற்கு அங்கே வலுவான ஆதாரம் கிடைக்கவில்லை. நான் டாக்டர் இல்லை, ஐடிக்காரன். இரண்டு விஷயம் சேர்ந்து வந்தால் எது காரணம், எது விளைவு என்று கேட்பது என் தொழில் பழக்கம். இங்கே மால் ஃபார்மசிகளில் 'மூளைக்கு நல்லது' என்று புரோபயாடிக் டப்பாவை யாராவது நீட்டினால் நீங்களும் அதையே கேளுங்கள்.

2015 முதல் இந்தியாவில் பிப்ரவரி 10 தேசிய குடற்புழு நீக்க நாள். பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் 1 முதல் 19 வயது வரை அல்பெண்டசோல் மாத்திரை இலவசம். ஊரில் உள்ள தம்பி தங்கைகள் அதைத் தவறாமல் போட்டுக்கொள்கிறார்களா என்று போனில் கேளுங்கள். பிள்ளை எப்போதும் சோர்வாக இருந்தால் ஹீமோகுளோபின் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை பெட்டி கட்டும்போது சாக்லேட்டோடு நாலு ஜோடி செருப்பும் வையுங்கள். தாத்தா வீட்டில் இன்னும் கக்கூஸ் இல்லையென்றால், அப்பா அனுப்பும் பணத்தில் முதலில் அது கட்டப்படட்டும். மார்க் ஷீட்டை ஒப்பிடுவதெல்லாம் அதற்குப் பிறகு.