கடைசி மைல்

ஓட்டத்திற்குக் கால்வலிமையே பிரதானமென்பர் நம் மாணவரிற் பலர். யான் அதற்கு உடன்படேன். அமெரிக்காவில் டென்னஸி மாகாணத்து மலைக்காட்டிலே நடைபெறும் பார்க்லி மாரத்தான், ஐந்து சுற்றுக்களும் ஏறக்குறைய 100 மைலும் உடையது. கெடு 60 மணி. வழியில் ஒளித்துவைத்த புத்தகங்களினின்று தத்தம் எண்ணுக்குரிய ஏட்டைக் கிழித்துக் கொணர்தலே சாட்சி. (நம் நூல்நிலையத்தார் பொறுப்பாரோ?)

2017-ஆம் ஆண்டில் கேரி ராபின்ஸ் என்பார் கெடு கடந்த ஆறாம் விநாடியில் வாயிலை அடைந்தார். அந்த 6 விநாடிகளுக்காக இரங்குவோர் பலர். ஆயின், ஏடுகளனைத்தும் பெற்றபின், மூடுபனியில் வழிபிசகி, ஏறக்குறைய 2 மைலை விட்டு வேறு திசையினின்றன்றோ அவர் வந்தார்! கால்கள் உழைத்தன, கவனமே தவறிற்றென்பேன்.

2024-ஆம் ஆண்டில் ஜாஸ்மின் பாரிஸ் அம்மையார் ஓடியபொழுது நால்வர் முன்னரே முடித்துவிட்டனர். முந்துதற்குக் கடிகாரமொன்றே எஞ்சிற்று. 99 விநாடி மீதமிருக்க, பெண்டிருள் முதல்வராய் வந்து, மஞ்சள் வாயிற்கதவைத் தொட்டு, அவ்விடத்தே சாய்ந்தார்.