சதுரத்துக்குள் யார்?

சீனம் படிக்கத் தொடங்குகிறவர்கள் சில வாரங்களிலேயே 'குவோ' என்ற எழுத்துக்கு வந்துவிடுவார்கள். நாடு என்று பொருள். ஒரு சதுரம், அதற்குள் ஜேட் கல்லைக் குறிக்கும் எழுத்து. மொத்தம் 8 கோடுகள். சதுரத்தின் மூன்று பக்கங்களை முதலில் போட்டு, உள்ளே எழுதி முடித்த பிறகுதான் அடிக்கோட்டை இழுக்கவேண்டும். உள்ளே போய்விட்டுக் கதவைச் சாத்து என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள்.

வழக்கும் எளிதுதான். ஜோங்குவோ என்றால் நடுநாடு, அதாவது சீனா. அமெரிக்கா மெய்குவோ, பிரான்ஸ் ஃபாகுவோ, ஜெர்மனி தெகுவோ. அந்நியப் பெயரிலிருந்து ஓர் அசையை எடுத்துக் குவோவை ஒட்டிவிடுகிறார்கள். மெய் என்பதற்கு அழகு என்று பொருள் இருப்பதால் அமெரிக்காவைச் சீனர்கள் மெச்சிப் பெயரிட்டார்கள் என்று நினைக்கவேண்டாம். அது முதலில் ஒலிக்காக வந்த எழுத்து. இந்தியாவுக்கு 'யிந்து' என்ற பெயரே போதுமானதாக இருக்கிறது, குவோ ஒட்டவில்லை. குவோவுடன் வீட்டைக் குறிக்கும் 'ஜியா' சேர்ந்தால் 'குவோஜியா': அரசு, தேசம். பழங்காலத்தில் குவோ சிற்றரசரின் ஆட்சிப்பகுதி, ஜியா அவருக்குக் கீழிருந்த பிரபுக்களின் குடும்பச் சொத்து. இரண்டும் கலந்து இன்று நாளிதழ்களில் தினமும் அடிபடும் சொல்லாகிவிட்டது.

1963இல் ஷான்சி மாகாணத்தின் பாவோஜி வட்டாரத்தில் ஒரு வெண்கல மதுக்கலம் கிடைத்தது. கி.மு. 11ஆம் நூற்றாண்டு, சௌ மன்னர் செங் காலத்தது. அதன் உட்புறத்தில் 122 எழுத்துகள் இருப்பது 1975இல்தான் தெரியவந்தது. ஜோங்குவோ என்ற தொடர் இதுவரை கிடைத்த இடங்களுள் மிகப் பழையது அதுதான். அங்கே அது ஒரு தேசத்தைக் குறிக்கவில்லை, லுவோயாங்கைச் சுற்றிய நடுப்பகுதியைக் குறித்தது. எழுத்தைச் சுற்றி வெளிச்சதுரமும் இல்லை. குடியிருப்பைக் காட்டும் ஒரு சிறு கட்டமும், கம்பில் பொருத்திய வெட்டுக்கருவியும் மட்டும் இருந்தன. ஓர் ஊர், அதைக் காக்க ஓர் ஆயுதம். மதில் பிறகு வந்தது.

அந்தக் காலத்தில் அரசைக் குறிக்க 'பாங்' என்ற சொல்லும் பரவலாக வழங்கியது. அதன் வீழ்ச்சிக்குக் காரணம் ஒரு மனிதரின் பெயர். ஹான் வம்சத்தை நிறுவிய லியூ பாங்கின் பெயர் அந்த எழுத்துதான். பேரரசரின் பெயரை எழுதக்கூடாது என்பது விதி. ஆகவே பாங் இருந்த இடமெல்லாம் குவோ ஏறியது, தலைமை அமைச்சரின் பதவிப்பெயர் உட்பட. 1973இல் சாங்ஷாவுக்கு அருகில் மாவாங்துயி கல்லறையிலிருந்து லாவோட்சு நூலின் இரண்டு பட்டுப் படிகள் வெளிவந்தன. ஒன்றில் பாங், மற்றதில் குவோ. எது முந்தியது என்று காட்ட இந்த ஒரு வேறுபாடே ஆய்வாளர்களுக்குப் பெரிய சான்றானது. ஆணை வென்றது உண்மை. ஆனால் மாற்றாக வைத்த சொல் ஏற்கெனவே மக்கள் வாயில் இருந்தது என்பதை மறக்கக்கூடாது.

பேரரசி வூ ஸெதியன் அப்படி ஏற்கெனவே வழக்கில் இருந்ததை எடுத்துக்கொள்ளவில்லை. 690இல் ஒரு புது வம்சத்தையே தொடங்கியவர். ஒரு டஜனுக்கும் மேற்பட்ட புது எழுத்துகளையும் வழக்குக்குக் கொண்டுவந்தார். குவோவின் உள்ளே இருந்தது 'குழப்பம்' என்ற எழுத்தைப் போலிருக்கிறது, அங்கே பேரரசியின் குடும்பப் பெயரான வூவை வைக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னாராம். சதுரத்துக்குள் ஆளை வைத்தால் கைதி என்ற எழுத்தாயிற்றே, அபசகுனம் என்று இன்னொருவர் தடுத்தாராம். கதையாகவே இருக்கட்டும். முடிவில் உள்ளே வந்தது 'எட்டுத் திசை'. 705இல் அவர் ஆட்சி போனது, எழுத்துகளும் போயின. அதற்குள் கடல் கடந்துவிட்ட அந்த வடிவம் ஜப்பானில், 17ஆம் நூற்றாண்டின் மீதோ பிரபு தொகுகவா மிட்சுகுனியின் பெயரில் தங்கிவிட்டது.

1851இல் எழுந்த தைப்பிங் கிளர்ச்சிக்காரர்கள் தங்கள் விண்ணரசின் பெயரில் சதுரத்துக்குள் 'அரசன்' என்று எழுதினார்கள். 1912இல் குடியரசு வந்ததும் 'மக்கள்' என்ற எழுத்தை உள்ளே வைத்து எழுதிப் பார்த்தவர்களும் உண்டு. ஆளுக்கொருவர் உள்ளே குடியேறினார்களே தவிர, மதிலை இடிக்க எவருக்கும் தோன்றவில்லை.

1956இல் மக்கள் சீனம் எழுத்துச் சீர்திருத்தத்தை அறிவித்தபோது 11 கோடுகள் 8 ஆயின. முடியாட்சியை ஒழித்த நாட்டில் அரசனை உள்ளே உட்காரவைக்க முடியுமா? ஒரு புள்ளி சேர்ந்தது, அரசன் ஜேட் ஆனான். இதைச் சீர்திருத்தத்தை வகுத்த குழுவின் கண்டுபிடிப்பு என்று சொல்வது தவறு. எளிய கதைப் புத்தகங்களை அச்சிட்டவர்களும் கணக்கு எழுதியவர்களும் பல நூற்றாண்டுகளாகக் கையாண்ட சுருக்க வடிவம் அது. ஜப்பான் அதைச் சீனாவுக்கு முன்பே ஏற்றுக்கொண்டது. அரசு செய்ததெல்லாம் கையெழுத்துக்கு முத்திரை குத்தியதுதான், ஆகவே அது நிலைத்தது. 1977இல் இன்னும் பல எழுத்துகளைச் சுருக்கி வெளியிட்ட இரண்டாம் திட்டத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை; 1986இல் அரசே அதைத் திரும்பப் பெற்றது.

இன்று தைவான் ஜலசந்தியின் ஒரு கரையில் அரசின் பெயருக்குள் ஜேட், மறுகரையில் ஆயுதம் ஏந்திய பழைய ஊர். வடிவம் ஒரு கட்சிக்கொடி போலவே ஆகிவிட்டது என்று தோன்றும். ஆனால் தைபேயில் அவசரமாகக் குறிப்பெழுதுகிறவர்கள் ஜேட் வடிவத்தைத் தாராளமாக எழுதுகிறார்கள். பெய்ஜிங்கில் தூரிகை பிடிக்கும் கலைஞர்கள் பழைய 11 கோடுகளையே எழுதுகிறார்கள். சட்டமும் அதற்கு இடம் கொடுக்கிறது.