பாதி லென்ஸை மூடினா என்ன ஆகும்?

ஒரு குட்டிக் கேள்வி. மெழுகுவத்திச் சுடரை லென்ஸ் வழியா திரையில விழ வைக்கிறோம். லென்ஸோட மேல் பாதியை அட்டையால மறைச்சா, திரையில தெரியுற சுடர் என்ன ஆகும்? பதிலை மனசுக்குள்ள சொல்லிட்டு மேலே படிங்க. கடைசி பாராவுக்குத் தாவக்கூடாது!

2004-ல் கானாவில், யுனெஸ்கோ நடத்திய பயிற்சி முகாமில் இயற்பியல் ஆசிரியர்கள் இப்படித்தான் ஒளியியல் படிச்சாங்க. காஸ்ட்லி கருவிகள் எதுவும் கிடையாது. என்ன நடக்கும்னு முதலில் ஊகிச்சு எழுதணும், பக்கத்தில் இருப்பவரோடு வாதாடணும், அப்புறம்தான் செஞ்சு பார்க்கணும். நம்ம கதை தெரியுமே... நியூட்டன் வளையத்துக்கு விடை முதலில், ரீடிங் அப்புறம்!

அடுத்த வருஷமே துனிசியாவில் அதே முகாம். அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் ஸோரா பென் லக்தர். பாரீஸில் டாக்டர் பட்டம் முடிச்சதும் அங்கேயே செட்டில் ஆகியிருக்கலாம். ஆனா, 1978-ல் ஊர் திரும்பினார். மூலக்கூறுகள் ஒளியை எப்படி உறிஞ்சுகின்றன என்று ஆராயும் குழுவை துனிசியாவிலேயே வளர்த்தார். 2005-ல் லோரியல்-யுனெஸ்கோ விருது அவரைத் தேடி வந்தது.

சரி, ஒருத்தர் ஊர் திரும்பினா போதுமா? பேச ஆள் வேணும், கெட்டுப்போன லேசரைச் சரிபண்ண துணை வேணும். அதுக்காகத்தான் 1991-ல் செனகலின் டாக்கர் நகரை மையமா வெச்சு, லேசர் மற்றும் ஒளி ஆராய்ச்சியாளர்களின் ஆப்பிரிக்க வலையமைப்பு உருவானது. 2003-ல் ஆப்பிரிக்கன் லேசர் சென்டர் தொடங்கியது. இதுக்காகப் பிரமாண்ட கட்டடம் எதுவும் கட்டலை. தென்னாப்பிரிக்கா, எகிப்து, அல்ஜீரியா, துனிசியா, செனகல், கானா ஆகிய நாடுகளில் ஏற்கெனவே இருந்த லேப்களைக் கோத்துவிட்டாங்க, அவ்வளவுதான். ஒரு நாட்டு மாணவர் இன்னொரு நாட்டு லேபில் போய் ஆராய்ச்சி செய்ய வழி பிறந்தது.

இதனால யாருக்கு லாபம்? மலேரியா காய்ச்சலில் சுருண்டு கிடக்கிற குழந்தைக்கும் இதில் பங்கு உண்டு. பல நிற எல்.ஈ.டி. விளக்குகள் பொருத்திய மைக்ராஸ்கோப்பில் ரத்தத்தைப் பார்த்து, கிருமியைக் கண்டுபிடிக்கிற ஆராய்ச்சியை, ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து மேற்கு ஆப்பிரிக்க லேப்கள் செஞ்சிருக்கு. 2015-ஐ உலகமே 'சர்வதேச ஒளி ஆண்டு'னு கொண்டாடியதே, அதற்கான தீர்மானத்தை யுனெஸ்கோவில் முன்வைத்த நாடுகளில் கானாவும் ஒன்று!

இப்போ கேள்விக்கு வருவோம். 'பாதிச் சுடர்தான் தெரியும்'னு சொன்னீங்களா? தப்பு பாஸ்! முழுச் சுடரும் தெரியும், வெளிச்சம் மட்டும்தான் குறையும். சுடரின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் கிளம்புற ஒளி, லென்ஸ் முழுக்க விழுது. அதனால, மிச்சமிருக்கிற பாதி லென்ஸே முழுப் படத்தையும் காட்டிடும்.

கருவி இல்லை, காசு இல்லைங்கிறதும் லென்ஸை மறைக்கிற அட்டை மாதிரிதான். வெளிச்சம் குறையலாம், படம் குறையாது. நம்பலைன்னா, நாளைக்கு லேபில் அரை நிமிஷம் அட்டையை வெச்சுப் பாருங்க. ரெக்கார்டு நோட்டை அப்புறம் எழுதிக்கலாம்!